பட்டியலில் பதினேழாவது பெயர்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

புது வரைபடத்துக்காக நீங்கள் அனுப்பிய பெயர்ப் பட்டியல் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். போன மாதம் நாம் சேர்ந்து ஏறி இறங்கிய அந்தச் சிறு மலைத்தொடரின் ஓடைகள், பாறைகள், முகடுகள், மாடு இறங்கும் பாதைகள் எல்லாவற்றையும் பொறுப்பாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன, திருத்தியிருக்கிறேன். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஒரே ஒரு வரியைத் தவிர. பதினேழாவது வரியில் "சின்னமாயன் மலை" என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அந்த முகட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர் டேப்லெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், இந்த மலைக்குப் பேரு என்ன?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்னமாயன் மாடு மேய்ச்ச இடம்ப்பா இது" என்று மட்டும் சொன்னேன். கிழவருக்குப் பெயர் மறந்துவிட்டது போல என்று நினைத்திருப்பீர்கள். மரியாதைக்காக மறுபடி கேட்காமல், கிடைத்த பெயரை வைத்துக் காலி இடத்தை நிரப்பிவிட்டீர்கள். காலி வரியைப் பார்த்தால் கை நமநமக்கும் நோய் நம் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அதனால் ஒரு மனிதர் செத்துப்போனார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நில அளவை வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர் ஒரு விதியைச் சொன்னார். "பேரை டீக்கடையில கேக்காதே. அந்த இடத்துல போய் நின்னு, அங்க நடமாடுற ஆள்கிட்ட கேளு." நல்ல விதி. இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே மலையைக் கோம்பையில் நிற்பவர் கிழக்கு மலை என்பார், மயிலாடும்பாறையில் நிற்பவர் மேற்கு மலை என்பார். கம்பம் பள்ளத்தாக்குக்கும் வருசநாட்டுப் பக்கத்துக்கும் நடுவில் கிடக்கும் மலைகளுக்கு இப்படித்தான் ஆளுக்கொரு பெயர். தூரத்தில் இருந்து பார்ப்பவன் சொல்வதை நம்பினால் எதையும் வரைய முடியாது. ஆகவே நான் அந்தந்த இடத்துக்கே போய்த்தான் கேட்பேன். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது. "அவர் ஸ்தலத்துல நின்னு கேட்டு எழுதுற ஆளு" என்று சொல்வார்கள். அதைக் கேட்கும்போது உள்ளுக்குள் இனிக்கும்.

அந்தத் தொடரை முதன்முதலாக வரையப் போனபோது ஊரை ஒட்டிய மலைகளின் பெயர்களை அந்தந்த அடிவாரத்திலேயே நின்று பலரிடம் கேட்டு ஒப்பிட்டு எழுதிவிட்டேன். உள்ளே தள்ளி இருக்கும் இரண்டு மலைகள் மட்டும் பாக்கி. இரண்டும் எதிரும் புதிருமாக நிற்பவை, நடுவில் ஆழமான ஓடைப் பள்ளம். அங்கே மலைமாடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் போவதில்லை. அவர்களில் ஒருவர்தான் சின்னமாயன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். எங்களுக்கு வழிகாட்டியாக இரண்டு நாள் வந்தார். முதல் நாள் ஒரு மலை, மறுநாள் எதிர் மலை.

முதல் மலையின் உச்சியில் ஃபீல்டு புக்கை விரித்து, "இது என்ன மலைண்ணே?" என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "எழுதணுமாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் தயங்கி, "உடும்பன்மலைன்னு போட்டுக்கங்க" என்றார். மறுநாள் எதிர் மலையில் அதே கேள்வி, அதே தயக்கம். "கூரைமலை" என்றார். இரண்டையும் எழுதி, தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் எழுதினேன். அந்தத் தயக்கத்தைப் பார்த்தேன். அதை எழுதிக்கொள்ள என் புத்தகத்தில் கட்டம் இல்லை.

அலுவலகத்தில் படம் வரைகிறவர் செல்வி. மயிலாடும்பாறைக்காரப் பெண். என் குறிப்புகளை வைத்து வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்து, "சார், கூரைமலை இடது கைப் பக்கம்னு போட்டிருக்கீங்க. எங்க ஊர்ல இருந்து பாத்தா கூரை மாதிரித் தெரியறது வலது கைப் பக்கம் இருக்கறதுதான்" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. "மலை ஏறினது நீயா நானா?" என்றேன். அவர் தன் மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் வரைபடத்தில் அந்த இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. ரப்பரை எடுத்து நானே அழித்தேன். தாள் தேயும்படி அழுத்தி அழித்தேன். படம் அச்சுக்குப் போனது.

அதன்பிறகு பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மலையில் நடப்பவர்கள் நம் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. வரைபடத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த மலையில் வேலை இல்லை. தப்பு பத்திரமாகத் தூங்கியது.

ஒரு பங்குனி மாதம், முன்பகல் நேரம், அந்த மலைகளில் தீப்பிடித்தது. புல் காய்ந்து கிடந்த பருவம். காற்றும் இருந்தது. மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடிவாரத்தில் கணக்கெடுத்ததில் முன்பக்கச் சரிவில் விறகுக்குப் போனவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் வரவில்லை. மாட்டோடு போன சின்னமாயன்.

மீட்புக் குழுவில் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதன் தலைவர் வெளியூர்க்காரர். வரைபடம் போட்டவன் என்பதால் என்னையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஜீப்பின் முன்பக்கத்தில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். மலை முழுவதும் புகை. எந்த மலை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

சின்னமாயனின் மனைவி பாண்டியம்மாளை அழைத்து வந்தார்கள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார்.

"காலைல கூரைமலைக்கு மாட்ட ஓட்டிட்டுப் போனாகய்யா. ஒத்தையாத்தான் போனாக" என்றார்.

நான் படத்தில் கூரைமலை என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, குழுத் தலைவருக்கு இடது கைப் பக்கம் காட்டினேன். அந்த அம்மாள் படத்தைப் பார்க்கவே இல்லை. புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை வலது பக்கம் நீட்டினார்.

"அங்கன இல்லய்யா. இங்கன."

"ஆத்தா, கூரைமலைதானே சொன்னீங்க?"

"ஆமாய்யா, கூரைமலைதான். இங்கன இருக்கு."

"இந்தப் பேரை எனக்குச் சொன்னதே உங்க வீட்டுக்காரர்தான். நான் அவரோட அங்க நின்னு எழுதினது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அவுகளே சொன்னாகளா?"

"அவரே சொன்னாரு."

நீட்டிய கையை அவர் இறக்கிக்கொண்டார். புருஷன் சொன்னதாக ஒரு ஆபீஸர் சொல்லும்போது அதற்கு மேல் என்ன பேசுவார்? குழுத் தலைவர் என்னைக் கேட்டார், "உறுதியா?" நான் சொன்னேன், "உறுதி." பன்னிரண்டு பேரும் இடது பக்கம் ஏறினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அன்றைக்கு என்னிடம் ஒரு காகிதம் இருந்தது. என் எதிரில் அந்த மலைக்குத் தன் கல்யாண நாளில் இருந்து கஞ்சி கொண்டுபோகும் ஒரு பெண் இருந்தார். காகிதம் ஒரு பக்கம் காட்டியது, அவர் கை இன்னொரு பக்கம் காட்டியது. யார் சொல்வது சரி என்று அப்போது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிய வழியில்லை. ஆனால், "ஆறு பேர் இந்தப் பக்கம், ஆறு பேர் அந்தப் பக்கம் போங்க, எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் போட்ட படத்தின் மேல் நானே சந்தேகப்படுவதா என்ற வீம்பு. அத்தனை பேர் முன்னால் உறுதி என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

மதியம் தாண்டி வாக்கிடாக்கியில் குரல் வந்தது. "இங்க யாரும் இல்ல. மாட்டுச் சாணிகூட இல்ல. எதிர் மலையில இருந்து மாடு கத்துற சத்தம் கேக்குது." பக்கத்தில் நின்ற பாண்டியம்மாளும் அதைக் கேட்டார். என்னைத் திட்டவில்லை. மைதானத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பள்ளத்தில் இறங்கி எதிர் மலை ஏற அவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு பாறை இடுக்கில் அவரைக் கண்டுபிடித்தார்கள். மலை மேல் இருந்த மாட்டுத் தொழுவின் படலைத் திறந்து மாடுகளை விரட்டிவிட்டு, கடைசியாகத்தான் அவர் ஓடியிருக்கிறார். கால்கள் வெந்திருந்தன. உயிர் இருந்தது. மூங்கிலில் போர்வையைக் கட்டித் தூக்கி வந்தார்கள். அடிவாரத்து ஓடையைத் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. நான் ரோட்டில் ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தூக்கி வந்தவர்கள் நடையை மெதுவாக்கியதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாடுகள் மறுநாள் தாமாகவே வீடு வந்து சேர்ந்தன என்று பிறகு சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டாம் என்று என் மனைவி தடுத்தாள். போகாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. பழைய ஃபீல்டு புக்கைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. அவர்தான் எனக்குத் தப்பாகச் சொன்னார் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று போனேன்.

பாண்டியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தைக் காட்டி, அவர் கணவர் சொன்ன இரண்டு பெயர்களையும் வாசித்தேன். மாறி இருக்கிறதே, ஏன் என்று கேட்டேன்.

"எங்கன வச்சுக் கேட்டீக?" என்றார்.

"மேலதான். அந்தந்த மலை உச்சியில வச்சுத்தான் கேட்டேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். "மலை மேல நிக்கையில அந்த மலைப் பேரச் சொல்ல மாட்டாகய்யா. மாடு மேய்க்கிற ஆளுக யாரும் சொல்ல மாட்டாக. பேரச் சொல்லிக் கூப்புட்டா மலை திரும்பிப் பாத்துரும், அப்புறம் மாடு வீடு சேராதும்பாக. சொல்லியே ஆகணும்னா எதுத்த மலைப் பேரத்தான் சொல்லுவாக. கேக்குறது எங்காளுகளா இருந்தா அவுகளே புரிஞ்சுக்கிருவாக."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அவுக பொய் சொல்லலய்யா" என்றார். "கீழ எறங்கி வந்து, ஓடையத் தாண்டுன பெறகு ஒரு தடவ கேட்டிருந்தீகன்னா சரியாச் சொல்லியிருப்பாக." பிறகு, "அன்னைக்கு நீங்க அவுகளே சொன்னாகன்னு சொன்னப்ப, எங்கன வச்சுச் சொன்னாகன்னு எனக்கும் கேக்கத் தோணலயே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் தப்பில் பாதியை அவர் தன் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

விசாரணை அறிக்கை எழுத வேண்டி வந்தது. எனக்கு மேலே இருந்தவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். "உள்ளூர்க்காரர் தவறான பெயரைத் தந்தார்னு ஒரு வரி எழுதிடுங்க. ஃபீல்டு புக்குலயும் அப்படித்தானே இருக்கு. போனவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?" என்றார். சொன்னால் வெட்கக்கேடு, நான் எழுதினேன். அதே வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அறிக்கையோடு இணைக்கப் பழைய வரைபடத்தின் மூலத் தாள் தேவைப்பட்டது. செல்வி அதைத் தேடி எடுத்து வந்து என் மேஜையில் விரித்தார். அவர் பழையதை எல்லாம் பேசக்கூடிய ஆள் இல்லை. அந்த இரண்டு மலைகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, "சார், இந்த இடத்துல மட்டும் தாள் தேஞ்சிருக்கு. இதையே வச்சிரலாமா?" என்று கேட்டார்.

ரப்பர் தேய்த்த இடம் வெளிச்சத்தில் தனியாகத் தெரிந்தது. அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். பெயர் சொன்னவர் மேல் பிழை இல்லை, கேட்கக் கூடாத இடத்தில் நின்று நான் கேட்டேன், கேட்டதை வேறு யாரிடமும் சரிபார்க்கவில்லை, அலுவலகத்தில் எழுந்த சந்தேகத்தை என் கையால் அழித்தேன், அடிவாரத்தில் அவர் மனைவி கை நீட்டிக் காட்டியதையும் மறுத்தேன் என்று வரிசையாக எழுதினேன். தண்டனை வந்தது. வந்தது நியாயமே. ஆனால் அந்தப் புத்தகத்தில் தகவல் தந்தவர் என்று இருக்கும் பெயருக்கு எதிரே யாரும் தவறு என்று எழுதவில்லை. என்னால் அவருக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு வரைபடத்தைத் திருத்தும் வேலை வந்தது. அப்போது ஒரு கூட்டத்தில், கூரைமலைக்குச் "சின்னமாயன் மலை" என்று புதுப் பெயர் வைத்துவிடலாம், அவர் நினைவாக இருக்கட்டும் என்று பேச்சு எழுந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கு நெஞ்சில் இருந்த பாரமே இறங்கினாற்போல இருந்தது. நல்ல சேதி சொல்லப் போகிறவன் போல மறுநாளே பாண்டியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. "வேணாம்யா" என்றார்.

"ஏன் ஆத்தா? காலத்துக்கும் பேரு நிக்குமே."

"அவுக இருந்த வரைக்கும் அவுக பேர நான் சொன்னதில்லய்யா. கட்டுன புருசன் பேர எங்கள்ல சொல்ல மாட்டோம். இப்ப மாட்ட ஓட்டிட்டு நாந்தான் அங்கன போறேன். அந்தப் பாறைகிட்டப் போனா யாரும் இருக்க மாட்டாக. அங்கன நின்னு அவுக பேரச் சொல்லிக் கூப்புடுவேன். எத்தன தடவ வேணும்னாலும் கூப்புடுவேன்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "அந்தப் பேர மலைக்கு வச்சுப்புட்டீகன்னா, மலை மேல நான் எப்பிடிய்யா சொல்லுவேன்?"

நான் அலுவலகம் திரும்பி, பெயர் மாற்றம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். குடும்பத்தார் விரும்பவில்லை என்று மட்டும் சொன்னேன்.

தம்பி தங்கைகளே, மலை திரும்பிப் பார்க்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அளவுக்காரன், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளில் இருந்து எந்த மலை மேலும் நின்று அதன் பெயரைச் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. இப்போது பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து தாராளமாகச் சொல்லலாம். அன்று நாம் உட்கார்ந்திருந்தது கூரைமலை. பதினேழாவது வரியில் அதையே எழுதுங்கள். நான் சொன்னேன் என்பதற்காகவும் எழுத வேண்டாம். அடிவாரத்தில் ஓடையைத் தாண்டி வந்து இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வேலையை முடிக்க இன்னொரு முறை மேலே போவீர்கள் அல்லவா? பாண்டியம்மாளுக்கு வயதாகிவிட்டது, இருந்தாலும் ஏறுவதை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தப் பாறைப் பக்கம் ஒரு பெண் குரல் சின்னமாயன் என்று கூப்பிடுவது உங்கள் காதில் விழலாம். டேப்லெட்டைத் திறக்காமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவர் கூப்பிட்டு முடிக்கட்டும்.